காரைத் தாமே பழுது பார்த்தவர்கள்

நெடுந்தூரப் பயணம் போன முதல் மோட்டார் கார் வழியில் எங்கே எரிபொருள் வாங்கியது, தெரியுமா? ஒரு மருந்துக் கடையில்! 1888 ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடை முன்பு குதிரை பூட்டாத மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மையாரும் இரண்டு பையன்களும் இறங்கினார்கள். துணியில் படிந்த கறையைப் போக்குவதற்காக அக்காலத்தில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட லிக்ராய்ன் என்னும் பெட்ரோலிய வடிபொருளை வாங்கி, வண்டியில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அந்த அம்மையார் பெர்த்தா பென்ஸ். 1886-இல் பெட்ரோல் காருக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மனைவி. கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குக் கிளம்பிவிட்டார். வழியில் வண்டி சும்மா இருக்கவில்லை. எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் அதைக் குத்திச் சரி செய்தார். மின்பொறிக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் நாடாவைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். மரத்தாலான பிரேக்குக் கட்டைகள் தேய்ந்தன. ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று அவற்றின்மேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை என்று அவர் கூறியதன் பேரில், பென்ஸ் பின்னர் குறைந்த வேகப் பல்லிணை ஒன்றைச் சேர்த்தார்.

ஆகவே, காரை முதன்முதலாக நெடுந்தூரம் ஓட்டியவரே அதை முதன்முதலாக வழியில் பழுது பார்த்தவரும் ஆவார். ஓட்டுதலும் பழுது பார்த்தலும் ஒரே பிறவியாகத் தோன்றின. அவை எவ்வாறு நெடுங்காலம் இணைந்திருந்தன? பிறகு ஏன் பிரிந்தன? அந்தப் பிரிவினால் நமக்கு வந்த நன்மை என்ன, இழப்பு என்ன? இவற்றை வரிசையாகக் காண்போம்.

எந்த உறுப்பும் எந்த வண்டிக்கும்

தொடக்கத்தில் காரை வாங்கியவர்கள் பெருஞ்செல்வர்கள். அவர்கள் கையில் எண்ணெய் படவில்லை. வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒரே ஆளை அமர்த்திக்கொண்டனர். அந்த ஆளுக்கு ஷோஃபர் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு 'சூடேற்றுபவர்' என்பது பொருள். நீராவி எஞ்சினில் தீ மூட்டியவரின் பெயர் அப்படியே கார் ஓட்டுநருக்கும் ஒட்டிக்கொண்டது.

சாதாரண மக்களும் காரைப் பழுது பார்க்க வேண்டுமானால் ஒரு தடை நீங்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு காரும் கைவினைப் பொருள் போன்றது. ஓர் உறுப்பு உடைந்தால், கடையில் வாங்கிய புதிய உறுப்பை அப்படியே மாட்ட முடியாது. அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். இந்நிலை மாறிவிட்டது என்பதை உலகுக்குக் காட்டிய சோதனை 1908-இல் இங்கிலாந்தில், புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்தது. மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, உறுப்புகளை எல்லாம் ஒன்றாகக் கலந்தார்கள். பிறகு ஸ்பேனரையும் திருப்புளியையும் கொண்டே மூன்று கார்களை மறுபடி பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். மூன்றும் பழுதின்றி ஓடின. எந்த உறுப்பும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பது மெய்யாயிற்று. வீட்டில் இருப்பவர் கையில் ஸ்பேனர் ஏறுவதற்கு வழி பிறந்தது.

விவசாயியின் கையில் கார்

அதே 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் அமெரிக்காவில் வெளிவந்தது. நான்கு சிலிண்டர், 20 குதிரைத் திறன். ஐவர் அமரும் கார் 850 டாலருக்கு விற்றது. 1913-இல் நகரும் தொடர்வரிசை முறையில் கார்களைப் பூட்டத் தொடங்கியதும் விலை படிப்படியாக இறங்கியது; 1925-இல் இருவர் அமரும் வடிவம் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927-இல் நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் விற்றன.

வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். தார்ச் சாலையோ பழுது பார்க்கும் நிலையமோ அருகில் இல்லாதவர்கள். காருடன் கொடுக்கப்பட்ட கையேடு அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பள்ளிப் பாடம் போல வினா விடை வடிவில் அது அமைந்திருந்தது. எஞ்சின் ஏன் சூடேறுகிறது, எண்ணெய் அளவை எப்படி அறிவது, எவ்வுறுப்பை எவ்வாறு கழற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் விடை இருந்தது. காரைச் செய்தவரே, காரின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குச் சொல்லிக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு நேர் எதிரான நிலையைக் காணப் போகிறோம்.

மாடல் டி காரை எழுப்புவதே ஒரு வித்தை. முன்புறம் ஹேண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்டியரிங் அடியில் உள்ள நெம்புகோலை மேலே தள்ளி, மின்பொறி தாமதமாக விழும்படி செய்தாக வேண்டும். ஏன்? எஞ்சின் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். எரிபொருள் முழுதும் எரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் அல்லவா? ஆனால் கையால் மெல்லச் சுழற்றும்போது அப்படி முன்னதாகப் பொறி விழுந்தால், மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழ் நோக்கி உதைக்கும். ஹேண்டில் எதிர்ப்புறம் திரும்பிக் கையை முறித்துவிடும். இதனால்தான் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எரிதல் பற்றிய ஓர் அறிவியல் உண்மை, கை எலும்பைக் காப்பாற்றும் பாடமாயிற்று!

மற்றொரு வேடிக்கை கேளுங்கள். இக்காரில் நெடுங்காலம் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோலை மேலேற்றப் பம்பு கிடையாது. புவி ஈர்ப்பினாலேயே எஞ்சினுக்கு இறங்கி வரும். செங்குத்தான மேட்டில், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், எஞ்சின் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வராது. என்ன செய்வது? வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றினார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சியை விட்டு அளந்தார்கள். பல்லிணைப் பெட்டியில் உள்ள பட்டைகள் தேய்ந்தால், காலடிப் பலகையை எடுத்துவிட்டுத் தாமே இறுக்கினார்கள். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, அதில் பட்டைவாரை மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். காரின் இயக்கம் அவர்களுக்கு மறைபொருளாக இருக்கவில்லை.

கழுவுதலும் ஒரு வேதியியல்

ஸ்பேனர் பிடிக்காத உடைமையாளரும் வாளியும் துணியும் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவுவது பல நாடுகளில் குடும்ப வழக்கமாயிற்று. இதில் என்ன அறிவியல் என்கிறீர்களா? உண்டு.

தூசி என்பது பெரும்பாலும் மணல் துகள். மணலோ வண்ணப்பூச்சைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போலாகும். ஆகவே முதலில் நீரை ஊற்றித் தூசியை இறக்கி, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். 1920-களில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கார்களுக்கு வந்தது. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டு இதன் மேற்பரப்பு மங்கும். நுண்ணிய துகள் கலந்த பாலிஷைக் கொண்டு மங்கிய மேல் ஏட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, மெழுகு பூசினால் பளபளப்புத் திரும்பும், நீரும் ஒட்டாது.

அழகுக்காக மட்டும் அன்று இந்த வேலை. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். துருவும் விரைந்து படரும். குளிர்நாடுகளில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவினார்கள். உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். பனி உருகியது, உப்பு நீர் காரின் அடிப்பாகத்தில் ஏறிக்கொண்டது. மேலே மின்னும் கார் அடியில் ஓட்டையானது. விவரம் தெரிந்தவர்கள் காரின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தையே கவனமாகக் கழுவினார்கள். 1980-களில் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடுகள் பரவிய பின்னரே இத்தொல்லை குறைந்தது. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது.

கொட்டகையில் ஒரு கல்லூரி

1920-களிலிருந்து ஏறத்தாழ 1970-கள் வரையுள்ள அரை நூற்றாண்டை, உடைமையாளரே மெக்கானிக்காக இருந்த காலம் எனலாம். அமெரிக்காவின் 'பாப்புலர் சயன்ஸ்' மாத இதழ் 1925 முதல் 1970 வரை ஒரு தொடரை வெளியிட்டது. கஸ் வில்சன் என்னும் கற்பனைப் பட்டறைக்காரர் அதன் நாயகர். ஒவ்வொரு கதையிலும் ஒரு கார் விளங்காத நோயோடு வரும். துப்பறிவாளர் போலத் தடயங்களை ஆராய்ந்து அவர் காரணத்தைக் கண்டுபிடிப்பார். கதை படித்தவர்கள் கார் பழுதையும் கற்றார்கள்.

கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினை மாற்றியமைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இவ்வாறு மாற்றிய கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். 1932-இல் வந்த ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. 1948 ஜனவரியில் அப்பெயரிலேயே ஓர் இதழும் தோன்றியது. பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காத பலருக்கு வீட்டுக் கொட்டகையே கல்லூரியாயிற்று.

அவர்கள் செய்த வேலைகளுள் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். பழைய கார்களில் பாட்டரியின் 6 அல்லது 12 வோல்ட்டை ஒரு கம்பிச்சுருள் சுமார் 20,000 வோல்ட்டாக உயர்த்தும். அதற்கு, சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டெனத் துண்டிக்கப்பட வேண்டும். 'பாயின்ட்' எனப்படும் இரு சிறு உலோக முனைகள் திறந்து மூடி இவ்வேலையைச் செய்தன. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பாயின்ட் எத்தனை முறை திறக்கும்? கணக்கிடுங்கள். இரண்டு சுற்றுக்கு நான்கு பொறி, நிமிடத்துக்கு 6,000, விநாடிக்கு 100! ஒவ்வொரு முறையும் முனை சிறிது கருகும், தேயும். ஆகவே அவ்வப்போது அரத்தாளால் தேய்த்து, சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தாக வேண்டும். அளவுத் தகடு இல்லாத அமெரிக்கர்கள் தீக்குச்சி உறையின் அட்டையையே நடுவில் வைத்துச் சரி பார்த்தார்கள். இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பொறி பலவீனப்படும். இதனை ஒருமுறை கையால் செய்தவர் மின்தூண்டல் பாடத்தை மறப்பாரா?

இலங்கையில் பிறந்தவர் எழுதிய கையேடு

அமெரிக்காவை விட்டு இப்போது இங்கிலாந்துக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பலரிடம் பழைய கார்களே இருந்தன. 1960-இல் பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. 1967-இல் அது மூன்றாண்டுக் கார்களுக்கும் விரிந்தது. சோதனையில் தேற வேண்டும். பட்டறைக்குக் கொடுக்கவோ கைப்பணம் போதாது. தாமே செய்வது தவிர வேறு வழி இல்லை. ஆனால் கார்க் கம்பெனிகளின் பழுதுநூல்கள் தொழில் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. வீட்டில் இல்லாத தனிக் கருவிகள் உண்டென்று வைத்துக்கொண்டே அவை பேசின.

இக்குறையைத் தீர்த்தவர் ஜான் ஹேன்ஸ். இவர் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். தந்தையார் அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றை நடத்தி வந்தார். இங்கிலாந்தில் பள்ளியில் படிக்கும்போதே பழைய ஆஸ்டின் 7 கார் ஒன்றை வாங்கி மாற்றியமைத்தார். அதை எப்படிச் செய்தார் என்று 1956-இல் சிறு நூல் எழுதி அச்சிட்டார். 250 பிரதிகள் பத்தே நாளில் விற்றுவிட்டன. பின்பு விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைப் புதுப்பிக்க உதவினார். கம்பெனியின் நூலை வைத்துக்கொண்டு சாதாரண மனிதர் எதுவும் செய்ய முடியாது என்பது அவருக்கு விளங்கியது. ஆகவே காரைக் கழற்றும்போதே ஒவ்வொரு படியையும் நிழற்படம் எடுத்தார், பூட்டும்போதும் எடுத்தார். அந்த நூல் 1966-இல் வெளிவந்தது. முதற்பதிப்பின் 3,000 பிரதிகளும் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன.

அவர் கண்ட முறை எளியது, நேர்மையானது. ஒரு காரை உண்மையாகவே கழற்றிப் பூட்டிப் பார்த்த பிறகே எழுதுவது என்பதுதான் அது. எந்தத் திருகு துருவேறிக் கிடக்கும், எந்த இடத்தில் கை நுழையாது என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தெரியாது. அறிவியலில் செய்முறைக்கு உள்ள இடம் இதுவே அல்லவா? ஹேன்ஸ் 2019-இல் மறைந்தார். அதற்குள் அவர் நிறுவனத்தின் கையேடுகள் உலகெங்கும் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் மூர் என்னும் பொறியாளர் வேறொரு புகழ்பெற்ற நூலை எழுதினார். 1969-இல் வந்த அது, ஃபோக்ஸ்வாகன் காரை எவ்வாறு உயிரோடு வைத்திருப்பது என்பதைச் சொல்லியது. 'முழு முட்டாளுக்கும்' விளங்கும்படி படிப்படியாக எழுதியிருப்பதாக அதன் தலைப்பே கூறியது! தரையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாதபடி கம்பிச்சுருள் கட்டுமானம் செய்திருந்தார்கள். வண்டு வடிவமுள்ள அந்த ஃபோக்ஸ்வாகன் கார் இதற்கு ஏற்றதுதான். எஞ்சினைக் காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைப் பல்லிணைப் பெட்டியோடு நான்கே போல்ட்டுகள் பிணைத்திருந்தன. 1938-இல் தொடங்கி 2003-இல் மெக்சிகோவில் முடியும்வரை, அவ்வகைக் கார்கள் 2 கோடியே 10 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அத்தகைய காரின் சத்தத்தைக் காதால் கேட்டும், அதிர்வைக் கையால் உணர்ந்தும் நோயை அறியப் பழகுங்கள் என்பதே மூரின் அறிவுரையின் சாரம்.

இக்காலத்தை வெறும் பொற்காலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுத்தவர்கள் அது சரிந்து உயிரிழந்ததுண்டு. பிரேக்கிலிருந்து ஊதி எடுத்த தூசியில் கல்நார் இருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு. மின்னேற்றம் பெறும் பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் சிறு பொறியிலும் வெடிக்கக்கூடியது. வடித்தெடுத்த பழைய எண்ணெயைப் பலர் சாக்கடையில் ஊற்றி நீர்நிலைகளைக் கெடுத்தார்கள். கைத்திறனோடு பொறுப்பும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்று.

பானெட் மூடிக்கொண்டது

பிறகு என்ன நேர்ந்தது? உடைமையாளர்கள் சோம்பிவிட்டார்களா? இல்லை. முதற்காரணம், செய்யவேண்டிய வேலையே குறைந்தது. 1912-இல் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்து ஹேண்டிலுக்கு விடை கொடுக்கத் தொடங்கியது. நல்ல எண்ணெய்கள் வந்ததால் எஞ்சினைக் கழற்றிக் கரி சுரண்டும் வேலை போயிற்று. மூடிய பேரிங்குகள் வந்ததால் மாதந்தோறும் கிரீஸ் அடிக்கும் வேலை போயிற்று. 1970-களில் டிரான்சிஸ்டர் பாயின்ட்டின் இடத்தைப் பிடித்தது. தேய்வதற்கு அங்கே முனையே இல்லை!

இரண்டாம் காரணம் நாம் விடும் மூச்சோடு தொடர்புடையது. லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களைப் புகைமூட்டம் திணறடித்தது. 1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975-ஆம் ஆண்டுக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி பரவலாக வந்தது. அடுத்து வந்த மும்முனை வினையூக்கி, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் கிட்டத்தட்டப் பிசகாமல் இருந்தால்தான் செவ்வனே வேலை செய்யும். கார்புரேட்டரைத் திருப்புளியால் திருகி இந்த நுட்பத்தை எட்ட முடியாது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி, அதைப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் கணிப்பொறி ஆகியவை தேவைப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்தது. காற்று தூய்மையாயிற்று. இது பெரிய நன்மை; இதை மறுக்க இயலாது.

கணிப்பொறி வந்ததும் பழுதைக் காணும் முறையும் மாறியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் 16 முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பான் கட்டாயமாயிற்று. அதில் கருவியை மாட்டினால் கார் தன் நோயைக் குறியீட்டால் சொல்லும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். இக்கருவி மலிவாகி வீட்டுக்கும் வந்தது. இதனால் காரின் கதவு மறுபடி திறந்தது போலத் தோன்றியது.

ஆனால் புகை தொடர்பான பழுதுகளுக்கே அந்தக் கதவு திறந்தது. பிரேக்கு, பூட்டு, பல்லிணை முதலியவற்றின் கணிப்பொறிகளோடு பேசத் தனிக் கருவியும் கடவுச்சொல்லும் வேண்டியிருந்தன. அவற்றைக் கம்பெனிகள் தம் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டுமே கொடுத்தன. வினா விடையாகக் கையேடு தந்த காலம் எங்கே, விடையைப் பூட்டி வைக்கும் காலம் எங்கே! இயந்திரம் சிக்கலானது அறிவியலின் விளைவு. ஆனால் அதைப் பற்றிய செய்தியை மறைப்பது அறிவியலின் விளைவன்று. அது வணிக முடிவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அறிந்துகொள்ளும் உரிமை

இந்த வேறுபாட்டை மக்கள் உணர்ந்தபோது வழக்கு எழுந்தது. 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கம்பெனிப் பட்டறைக்குக் கிடைக்கும் செய்தியும் கருவியும் உடைமையாளருக்கும் தனிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர். 2014-இல் கார் உற்பத்தியாளர்கள் இக்கொள்கையை நாடு முழுவதற்கும் ஏற்பதாக உடன்பட்டனர். கார் கம்பியில்லா முறையில் அனுப்பும் செய்திகளுக்கும் இவ்வுரிமை வேண்டும் என்று 2020-இல் அதே மாநிலம் மறுபடி வாக்களித்தது.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்காதபடி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆயினும் ஊர்தோறும் மரத்தடியிலும் கீற்றுக் கொட்டகையிலும் தொழில் செய்யும் மெக்கானிக்குகளின் பிழைப்பு இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பதை அந்த ஆணை வெளிச்சமாக்கியது. செய்தி கிடைக்காத மெக்கானிக் எவ்வளவு திறமையானவராக இருந்தும் பயனில்லை.

மின்சாரக் கார்களில் எண்ணெய் மாற்றுவதும் ஸ்பார்க் பிளக் கழுவுவதும் இல்லை. ஆனால் அவற்றின் பாட்டரித் தொகுதியில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பயிற்சி இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. பெர்த்தா பென்ஸ் செய்தது போல எல்லாப் பழுதையும் எல்லோரும் சரி செய்யும் காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். ஆனால் தாமே செய்வது வேறு, தாம் அறிந்திருப்பது வேறு. முன்னது குறையலாம், பின்னது குறையக் கூடாது. டயரின் காற்றழுத்தம், குளிர்விக்கும் நீரின் அளவு, பிரேக்கு எண்ணெயின் அளவு ஆகியவற்றை யாரும் பார்க்கலாம். பட்டறையில் ஓர் உறுப்பை மாற்றினால், கழற்றிய பழைய உறுப்பைக் காட்டும்படி கேட்கலாம். எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்தது என்று கேட்கலாம். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்; மகிழ்ந்தே விளக்குவார்.

மாணவ நண்பர்களே, வீட்டில் கார் இல்லையே என்று எண்ண வேண்டாம். சைக்கிள் இருந்தால் போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் பழைய செய்தித்தாளை விரித்து, சைக்கிளின் சங்கிலியைக் கழற்றுங்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த வெளியில் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுங்கள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே தாளின்மேல் வைத்து வாருங்கள். சங்கிலி மாட்டி முடிந்ததும் பெடலை ஒருமுறை சுழற்றிக் காதால் கேளுங்கள். முன்பு இருந்த கறகறப்பு ஏன் போயிற்று என்பதை உங்கள் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் படித்த உராய்வுப் பாடம் அந்த இரண்டு வரியில் இருக்கும்.